எமன் கடைசியாக யார் கையில் இருந்தான்?

எங்கள் தொழிற்சாலை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி அனிதா போன் செய்தாள். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். "அக்கா, உங்க முப்பது வருஷ அனுபவத்த ரெண்டு பக்கத்துல சொல்லிடுங்க. புதுசா வர்ற பசங்களுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கணும்" என்றாள்.

பயனுள்ளதாக எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான் தீர்த்துவைத்த புகார்களிலேயே கஷ்டமானது நான் ஓய்வுபெற்ற பிறகு வந்தது. அதுவும் ஓர் எருமையைப் பற்றி வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போட முடியாதென்றால் அனிதா திருப்பிக் கொடுத்துவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள் நான். வீட்டுக்காரர் சிவலிங்கம் பாரூர்க்காரர், ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை. நான் சேர்ந்தது வண்டிகளுக்குக் கியர் செய்கிற தொழிற்சாலையில். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் இரண்டு வருஷம் வெர்னியரைத் துடைத்தேன். மூன்றாவது வருஷம் அதை வைத்து அளக்க விட்டார்கள்.

அப்புறம் என்னைப் புகார்ப் பிரிவில் போட்டார்கள். வெளியே போன சரக்கில் ஒரு கியர் பழுதென்று திரும்பி வந்தால், அது எந்த மெஷினில், எந்த ஷிப்டில், யார் கையில் கெட்டது என்று பின்னோக்கிப் போய்ப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு ட்ரேயோடும் ரூட் கார்டு என்று ஓர் அட்டை தொங்கும். கியர் எந்தெந்தக் கையைத் தாண்டி வந்ததோ அத்தனை கையும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கும். அட்டை சரியாக இருந்தால் என் வேலை அரை மணி நேரம். அட்டை சரியாக இருந்ததே இல்லை.

எங்கள் மேனேஜர் வெங்கடேசலு சார் பேரிகை ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் மௌனம். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கத்தியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பழுதான கியரை மேஜைமேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டை விரித்து அதன்மேல் வைப்பார். பெண் பார்க்க வந்தவரைப் போல அதையே கொஞ்ச நேரம் பார்ப்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு வேர்க்கடலையை எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொண்டு, கடைசியில்தான் கேட்பார்.

"ஏம்மா பூங்கொடி, இது கடைசியா எந்தக் கையில இருந்துச்சு?"

'எங்கே' என்ற கேள்வியே அவருக்குப் பிடிக்காது. "எங்கன்னு கேட்டா நாலு பக்கமும் ஓடணும். எந்தக் கைன்னு கேட்டா ஒரு ஆளுகிட்ட போனா போதும்" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "காணாம போனதுன்னு ஒன்னும் கெடையாதும்மா. வேற பேரு மாட்டிக்கினு எங்கியோ உக்காந்திருக்கும்."

ஒரு தடவை பல்லில் நசுங்கல் விழுந்த கியர் ஒன்று வடக்கேயிருந்து திரும்பி வந்தது. ரூட் கார்டை எடுத்தால், ஷிப்ட் எழுதும் கட்டத்தின்மேல் அம்சமாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு எங்கள் ஆட்கள் அசையாமல் நிற்கிற எதற்கும் பொட்டு வைத்துவிடுவார்கள். மெஷின், துடைப்பம், தராசு, கம்ப்யூட்டர் திரை என்று எதுவும் தப்பாது. ஒரு வருஷம் தூங்கிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியனுக்கும் வைத்தார்கள். அந்த வருஷம் என் ரூட் கார்டு.

சந்தனத்தைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது. மூன்று நாள் ஆள் ஆளாகப் போய்க் கேட்டேன், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நாலாம் நாள் காலி ட்ரேயைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் ஒரு பூசணி விதை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பூசணிக்காய் உடைத்தது இரண்டாம் ஷிப்டு. உடைக்க இடம் வேண்டுமென்று ட்ரேக்களை நடுவில் தடுப்பு அட்டை வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். சூளைக்குப் போகாத பச்சைக் கியர் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஒன்றோடொன்று இடித்துப் பல் நசுங்கிவிட்டது.

விதையைக் கொண்டுபோய் சாரின் கைக்குட்டைமேல் கியருக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று கடலை போயிற்று. மூல காரணம் என்ற இடத்தில் பூசணிக்காய் என்று இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்பதுதான் அவருக்குக் கவலை. கடைசியில், 'சுத்தம் செய்யும்போது ஏற்பட்ட கையாளுதல் பிழை' என்கிற அர்த்தத்தில் ஒரு வரி எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் முடியலம்மா. தப்பான சரக்கு எத்தினி கைக்குப் போச்சோ, அத்தினி கைக்கும் நாமளே போன் பண்ணி சொல்லணும். அவங்களா கண்டுபிடிக்கற வரைக்கும் உக்காந்திருக்கக் கூடாது."

அத்தனை பேருக்கும் போன் செய்து, நாங்கள் அனுப்பியது தப்பு என்று என் வாயாலேயே சொன்னேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இதைச் சொல்லிப் புலம்பியதில் என் வீட்டுக்காரருக்கும் இந்த விதி மனப்பாடமாகிவிட்டது.

இனி எருமைக்கு வருகிறேன்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் சோமு என்று ஓர் அப்ரண்டிஸ் இருந்தான். மெஷின் ஓடும்போது மெஷினைத் தவிர மற்றதையெல்லாம் பார்ப்பான். பாதுகாப்பு வாரத்துக்கு எல்லாரும் கோலம், கவிதை என்று யோசித்துக்கொண்டிருக்க, இவன் குறும்படம் எடுக்கிறேன் என்றான். பெயர் 'எமனுக்கு கேட் பாஸ்'. காலணி போடாத தொழிலாளியின் உயிரை எடுக்க எமன் வருகிறான். ஹெல்மெட் இல்லை, பாஸ் இல்லை என்று செக்யூரிட்டி உள்ளே விடமாட்டேன் என்கிறார். வண்டி என்ற கணக்கில் எருமைக்கும் தனிப் பாஸ் வேண்டும். கிட்டத்தட்ட மொத்தக் கதையும் கேட்டிலேயே முடிந்துவிடும்.

எமன் வேஷத்துக்கு வெங்கடேசலு சாரைத்தான் எல்லாரும் கைகாட்டினார்கள். அவருக்குப் புதிதாக நடிக்க ஒன்றும் இருக்காது என்றார்கள். முதலுதவி அறை நர்ஸாக நான். வசனம் நாலு வரிதான், ஆனாலும் கதாநாயகி இல்லாத படத்தில் நர்ஸ்தானே கதாநாயகி? வீட்டுக்காரர் அதை என்னைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டார். இஸ்திரி போடுவதில் அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. என் வெள்ளைச் சேலையைக் கஞ்சி போட்டு, முந்தானையில் கத்திபோல் ஒரு மடிப்பு வைத்து, பாரூர் ஏரித் தண்ணீரைப் பங்கு பிரித்துக் கொடுக்கிறவர்போல ஜாக்கிரதையாக என் கையில் கொடுத்தார்.

படப்பிடிப்பு நாளன்று ஆபீஸில் யாரோ நினைத்துக்கொண்டார்கள், நர்ஸாக டைப்பிஸ்ட் ரேவதி வந்தால் எடுப்பாக இருக்கும் என்று. ரேவதியிடம் வெள்ளைச் சேலை இல்லை. என்னுடையதைக் கேட்டார்கள். கொடுத்தேன். அதே நேரம் எருமையின் பின்பாதியாக நடிக்க வேண்டிய பெயிண்டருக்குக் காய்ச்சல். மெஷினுக்குப் போர்த்துகிற கறுப்பு ரெக்ஸினுக்குள் இரண்டு ஆள் குனிந்து நின்றால் எருமை. முன்னால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற முனிராஜ். வால், எண்ணெய் துடைக்கிற பஞ்சு நூல்.

"அக்கா, ப்ளீஸ்க்கா" என்று சோமு கையைப் பிடித்துக்கொண்டான். "உள்ளாற இருக்கறது யாருன்னே தெரியாதுக்கா."

பெயிண்டருக்கென்று வைத்திருந்த கறுப்புப் பேண்ட்டை மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே போனேன். முனிராஜின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கேட்டில் செக்யூரிட்டி "நில்லு!" என்று அதட்டினார். செக்யூரிட்டி நில் என்றால் நிற்கிற பழக்கம் எனக்கு அப்போதே பன்னிரண்டு வருஷப் பழக்கம். நான் நின்றுவிட்டேன். முனிராஜுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, அவன் போய்விட்டான். டர்ரென்று ரெக்ஸின் இரண்டாகக் கிழிந்தது. யாரும் கட் சொல்லவில்லை. அதனால் நான் குனிந்தபடியே, தலைக்குமேல் பாதி ரெக்ஸினும் பின்னால் வாலுமாக அங்கேயே நின்றேன். சுற்றிலும் சிரிப்பு. செக்யூரிட்டி என் முதுகில் எதையோ ஒட்டினார். அப்புறம்தான் என்னை உள்ளே விட்டார்கள்.

மனசு விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு மாதிரி நான் என்றைக்கும் அவமானப்பட்டதில்லை. அந்தக் காட்சியை வெட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். கேன்டீனில் படத்தைப் போட்ட அன்று வயிற்றுவலி என்று லீவு போட்டேன். சோமு மட்டும் பிற்பாடு வந்து, "அக்கா, கடைசில உங்க பேர போட்டிருக்கன். 'எருமை, பின்பாதி: பூங்கொடி'ன்னு" என்றான். எனக்குச் சந்தோஷம் தர நினைத்துத்தான் சொன்னான், பாவம்.

படப்பிடிப்பன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் கேட்டார்: "நர்ஸ் வேஷம் எப்பிடிப் போச்சு?"

கஞ்சி போட்ட அவர் கையைப் பார்த்தேன். "நல்லாப் போச்சுங்க" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சேர்த்ததெல்லாம் இவர்தான். பாரூரில் இருக்கிற தன் அக்காவுக்குச் சொன்னார், பட்டறைக்குச் சொன்னார், டீக்கடைக்குச் சொன்னார். மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன இடத்தில், "எங்க வீட்டம்மா படத்துல நர்ஸா நடிச்சவங்க" என்று ஜாதகத்தோடு சேர்த்துக் கொடுத்தார். பதினெட்டு வருஷம் நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

சோமு சென்னைக்குப் போய் சினிமா டைரக்டரானான். இப்போது அவன் பெயரே வேறு. சுவரொட்டியில் பெரிய எழுத்தில் வருகிறது, நமக்கு அவன் சோமுதான். போன வருஷம் ஒரு பேட்டியில், "என் முதல் படம் ஓசூர்ல ஒரு ஃபேக்டரியில எடுத்த குறும்படம். நான் இதுவரைக்கும் பார்த்ததுலயே பெஸ்ட் நடிப்பு அதுலதான் இருக்கு. யாருன்னு சொல்ல மாட்டேன். படம் கெடைச்சா பாத்து நீங்களே தெரிஞ்சுக்குங்க" என்று சொல்லிவிட்டான்.

போச்சு. ஊரே தேட ஆரம்பித்தது. எங்கே பார்க்கலாம், யாரிடமாவது லிங்க் இருக்கிறதா என்று அவன் ரசிகர்கள் கேட்காத இடமில்லை. எங்கள் தொழிற்சாலை வாட்ஸப் குழுவில் அனிதா எழுதினாள்: "பூங்கொடி அக்கா இருக்கறப்ப என்ன கவலை? அவங்க தேடிக் கிடைக்காத பொருளே இல்லை." கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள்.

வீட்டில் இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். "பெஸ்ட் நடிப்புன்னு ஒன்னியத்தான் சொல்றான். தேடு புள்ள."

என் நிலைமையைப் பாருங்கள். படம் கிடைத்தால் கடைசியில் என் பெயர் எருமையின் பின்பாதியாக எழுதிக் காட்டும். கிடைக்காவிட்டால், முப்பது வருஷத்தில் ஒரு புகாரையும் திறந்து விட்டுவைக்காதவள் என்ற என் பெயர் போய்விடும். எது போனாலும் பரவாயில்லை, இவர் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க மட்டும் எனக்குத் தெம்பில்லை. அதனால் தேடுகிற மாதிரி தேடினேன்.

யூடியூபில் எமன் என்று போட்டால் நரகத்தில் எத்தனை வகை என்று ஒரு சொற்பொழிவு வந்தது. கேட் பாஸ் என்று போட்டால், கேட்டுக்குக் கம்ப்யூட்டர் விற்கிறவர்கள் வந்தார்கள். எருமை என்று போட்டேன். அதிலிருந்து இரண்டு மாதத்துக்கு என் போனில் மாட்டு விற்பனை விளம்பரம் நிற்கவில்லை. 'எமனுக்கு கேட் பாஸ் முழுப் படம்' என்று ஒன்று நிஜமாகவே இருந்தது. இவர் எழுந்தே நின்றுவிட்டார். திறந்தால் ஒரு பூட்டிய கேட்டின் படமும் பின்னணியில் நாதஸ்வரமும் ஒன்றரை மணி நேரம் ஓடியது. இவர் முழுதாகப் பார்த்தார். நடுவில் ஏதாவது வரலாம் என்று ஒரு நம்பிக்கை.

இதற்கிடையில் அனிதா பயிற்சிக் கூடத்து அலமாரியில் அந்தக் காலத்து சி.டி.யையே கண்டெடுத்துவிட்டாள். அதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். பார்த்தேன். பளபளவென்று இருக்க வேண்டிய பக்கத்தில், நடு ஓட்டையைச் சுற்றி, பதினெட்டு ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் வட்டம் வட்டமாகக் காய்ந்து கிடந்தன. துடைத்துப் பார்த்தும் எந்தப் பெட்டியிலும் ஓடவில்லையாம்.

"சாமி இருக்குதுடி" என்றேன் அனிதாவிடம். அவள் அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மறுநாள் சாம்பார் அடிபிடித்தது. அதற்கு மறுநாள் பாலும் பொங்கி அடுப்பில் வழிந்தது. மூடாத புகார் ஒன்று தலைக்குள் இருந்தால் எனக்கு எப்போதும் இப்படித்தான். பிடிபடக் கூடாது என்று ஒரு மனசு, பிடிக்காமல் விட மாட்டேன் என்று இன்னொரு மனசு. இரண்டாவது மனசுக்குச் சர்வீஸ் அதிகம். வெங்கடேசலு சாருக்குப் போன் போட்டேன். அவர் பேரிகையில் தக்காளி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"சி.டி. செத்துப்போச்சா? போகட்டும். சி.டி.க்கு முந்தி எதுல இருந்துச்சும்மா?"

"கேமராவுல, சார். டேப்புல."

கடலை உரிக்கிற சத்தம் போனிலேயே கேட்டது. "அந்தக் கேமரா கடைசியா எந்தக் கையில இருந்துச்சு?"

சட்டென்று ஞாபகம் வந்தது. சோமுவிடம் ஏது கேமரா? குந்தாரப்பள்ளியில் கல்யாண வீடியோ எடுக்கிற பாஷா அண்ணனிடம் இரவல் வாங்கியிருந்தான்.

"நீங்களும் அதுல எமனா வர்றீங்க, சார். பரவாயில்லையா?" என்று கேட்டுப் பார்த்தேன். அவராவது வேண்டாம் என்று சொல்ல மாட்டாரா என்று ஓர் ஆசை.

"கிரீடம் நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

குந்தாரப்பள்ளிக்கு நாங்கள் போனது சந்தை நாள். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் மாடும் ஆளும் ஒரே நெருக்கம். இவர் சட்டையில் போட்ட இஸ்திரி மடிப்பைக் காப்பாற்ற இரண்டு கையையும் விரித்துக்கொண்டே நடந்தார். பாஷா அண்ணன் கடையில் இப்போது முன்பக்கம் போன் உறை விற்பனை, பின்பக்கம்தான் ஸ்டுடியோ. யாரோ வாங்கிய வெள்ளாடு ஒன்றை வாசல் கம்பியில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். பாஷா அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அந்த எமனா! ஏம்மா, அந்த எமனால நான் பட்டது ஒனக்குத் தெரியுமா? அந்தத் தம்பி முடிச்ச படத்த டேப்போட கடைசில எறக்கிட்டு, அப்பிடியே திருப்பிக் குடுத்துடுச்சு. முன்னாடி காலியா இருக்குதேன்னு நான் அதுலயே ஒரு கல்யாணத்த எடுத்துட்டன். கேசட் போட்டுக் குடுத்தா, பந்தி முடிஞ்சு, மொய் முடிஞ்சு, பொண்ண அனுப்பி வெக்கறப்ப எல்லாரும் அழுவறாங்க, அடுத்து எமன் வர்றாரு! எப்ப அடிக்க வருவாங்களோன்னு மாப்பிள்ள வீட்டுப் பக்கமே நான் போறதில்ல."

"இப்ப அந்த டேப்பு?"

"டேப்பெல்லாம் பூஞ்சை புடிக்குதுன்னு இருந்ததெல்லாத்தையும் யூடியூப்ல ஏத்திட்டன். ரெண்டு வருஷமாச்சு. அதோ அங்கதான் இருக்குது."

இருந்தது. 'கோவிந்தம்மாள் – மாதேஷ் திருமண வைபவம், பாகம் இரண்டு' என்ற பெயரில். ஊரே தேடிய படம், பந்தியும் மொய்யும் தாண்டிக் கடைசியில் ரெண்டு வருஷமாக யாருக்கும் ஒளியாமல் உட்கார்ந்திருந்தது. வேற பேரு மாட்டிக்கினு. கீழே குடும்பத்தார் எழுதிய கருத்துகளும் இருந்தன. 'கிரீடம் வெச்சவர் யாரு? நாங்க பொண்ணு வூட்டு சொந்தம்னு நெனச்சோம்' என்று மாப்பிள்ளையின் தம்பி கேட்டிருந்தார். 'நாங்க உங்க வூட்டு சொந்தம்னு நெனச்சுத்தான் இத்தினி வருசம் கேக்கல' என்று பெண்ணின் அண்ணன் பதில் போட்டிருந்தார்.

பாஷா அண்ணன் பெரிய திரையில் போட்டார். கோவிந்தம்மாள் அழுதுகொண்டே காரில் ஏறினாள். திரை ஒரு நொடி நீலமானது. எங்கள் கேட் வந்தது.

பதினோரு நிமிஷப் படம். கடைசியில் பெயர்கள். பதினோரு நிமிஷத்தில் நான் பொய்க்காரியாகப் போகிறேன். இவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

வெள்ளைச் சேலையில் ரேவதி வந்தாள். படம் பழசு, முகம் மங்கல். முந்தானையில் அந்த மடிப்பு மட்டும் அன்று போட்டது மாதிரி நின்றது.

"பாத்தியா, பாத்தியா!" என்று இவர் பாஷா அண்ணன் முதுகில் தட்டினார். "என் இஸ்திரி! எங்க வீட்டம்மாதான் அது!"

ரேவதி நாலு வரியையும் ஒப்பித்துவிட்டுப் போனாள். நான் மூச்சு விட்டேன்.

எமன் வந்தார். கிரீடம் நிஜமாகவே நன்றாக இருந்தது. கூடவே எருமை வந்தது. செக்யூரிட்டி "நில்லு!" என்றார். முன்பாதி போய்விட்டது, பின்பாதி நின்றது. வெட்டியிருப்பார்கள் என்று நான் நினைத்திருந்த அந்தக் காட்சி முழுதாக இருந்தது. பாதி எருமை மட்டும் தனியாக, ஒழுங்காக, கேட்டுக்கு வெளியே வரிசையில் காத்திருந்தது. ஒரு கால் மாற்றி இன்னொரு காலில் நின்றது. வால் பொறுமையாக ஆடியது. செக்யூரிட்டி பாஸ் எழுதி முதுகில் ஒட்டினார். பின்பாதி லேசாகத் தாழ்ந்து ஒரு கும்பிடு மாதிரி போட்டுவிட்டு உள்ளே நடந்தது. கும்பிடு போட்டது எனக்கே ஞாபகமில்லை.

இவர் சிரித்தார். அப்படியொரு சிரிப்பை நான் கல்யாணம் ஆன நாளாகப் பார்த்ததில்லை. கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. போன் உறை வாங்க வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். பாஷா அண்ணன் அதே இடத்தைத் திருப்பிப் போட்டார். மறுபடியும் சிரித்தார்கள். அன்றைக்குக் கேட்ட அதே சிரிப்புதான். ரெக்ஸினுக்குள் இருந்து கேட்டபோது அது வேறு மாதிரி கேட்டது.

படம் முடிந்தது. 'நடித்தவர்கள்' என்று எழுத்து மேலே ஏறியது. 'எமன்: வெங்கடேசலு' என்று வந்தது. டக்கென்று திரை கறுப்பானது.

"டேப்பு அவ்ளோதாம்மா. மீதி இல்ல" என்றார் பாஷா அண்ணன்.

தப்பித்தேன். என் பொய்க்கு எதிராக இந்த உலகத்தில் எழுத்தில் இருந்த ஒரே சாட்சியும் தீர்ந்துபோனது. ஒரு டீ குடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீயும் பரவால்ல புள்ள. ஆனா வசனத்த கொஞ்சம் பயந்து பயந்து சொல்ற. அந்த எருமையோட பின்னங்காலு இருக்குது பாரு, அவன்தான் நடிகன்! சோமு சொன்ன பெஸ்ட் நடிப்பு அதுதான். யாருடா அவன்?"

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. என் கியரில் வேறொருத்தன் கையெழுத்தைப் பார்த்தமாதிரி இருந்தது.

"அவன் இல்லைங்க. நான்!"

"என்னாது?"

"நர்ஸ் ரேவதி! இஸ்திரிதான் உங்களுது, ஆளு நான் இல்லை. எருமையோட பின்னாடி நான். முழுக்க நான்!"

வாசல் ஆடு கூட என்னைத் திரும்பிப் பார்த்தது. இவர் பாஷா அண்ணனைத் திரும்பப் போடச் சொன்னார். திரைக்குப் பக்கத்தில் போய்ப் பின்னங்கால்களைப் பார்த்தார். அப்புறம் என் காலைப் பார்த்தார். திரும்பவும் திரையைப் பார்த்தார்.

"ஆமா. இடது கட்டவெரல தூக்கி வெச்சிருக்குது. தோசை ஊத்தறப்ப நிக்கற நெலை."

"ஏங்க, கோபமா?"

"பதினெட்டு வருசமா ஊருக்கெல்லாம் நர்ஸுன்னு சொல்லிட்டனே" என்றார். முகம் சுண்டிப்போனது. நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்தேவிட்டது. விறுவிறுவென்று வெளியே போனார். போனவர் சந்தைக் கூச்சலில் ஆட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சட்டைப் பையைத் தடவினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கையில் போனை எடுத்துவைத்து, யாருடைய எண்ணையோ தேடிக்கொண்டிருந்தார்.

"யாருக்குங்க?"

"ஒங்க வெங்கடேசலு சார் என்னா சொல்வாரு? தப்பான சரக்கு எத்தினி கைக்குப் போச்சோ அத்தினி கைக்கும் நாமளே சொல்லணும்." முதல் எண்ணை அழுத்திவிட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு சந்தையே கேட்கக் கத்தினார். "அலோ, அக்காவா? பாரூரா? நான் சிவலிங்கம்... நல்லாருக்கன். ஒரு திருத்தம். பூங்கொடி நர்ஸு வேஷம்னு சொன்னன் இல்ல, அது தப்பு. எருமை... எருமைக்கா... இல்ல இல்ல, முன்னாடி இல்ல. முன்னாடி எவன் வேணாலும் பண்ணலாம். பின்னாடிதான் கஷ்டம்!"